சங்வூக்கின் கணினி

அந்தச் சியோல் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்குக் கணினிகள் தாமாகவே அணைந்துவிடும். அணைக்கும் உத்தரவு வந்து சேராமலிருக்க, அதற்கு முன்பே நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு எல்லோரும் வேலையைத் தொடர்வார்கள். ஆகவே நாற்காலியிலேயே மாரடைப்பில் செத்த சங்வூக், கம்பெனிப் பதிவுகளின்படி தினமும் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போனவன். அவன் விடிய விடிய உழைத்தது அவனுடைய கணினியிலிருந்த ஃபைல்களுக்கு மட்டுமே தெரியும்.

"அதை மட்டும் அழிச்சுடாதீங்கண்ணா. எனக்கு வேற சாட்சி இல்லை" என்று துக்க வீட்டில் சூப்பைப் பரிமாறியபடியே கெஞ்சினாள் அவன் மனைவி.

கணினிகளைப் பராமரிக்கும் தேகியு தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

"புது ஆள் வர்றான். சுத்தமா அழிச்சுட்டு விண்டோஸைப் போடு" என்றார் டீம் லீடர் குவாக்.

"பழசு மேலயே அப்கிரேட் பண்ணிடலாம் சார். ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்."

"செத்தவன் ஃபைல் எதுக்குய்யா? பேய் வந்து ரிப்போர்ட் எழுதுமா?"

அவர் சிகரெட் பிடிக்கப் போனதும் தேகியு அப்கிரேடையே அழுத்தினான். திரும்பி வந்தவர் திரையை வாய்விட்டுப் படித்தார்.

"'உங்கள் ஃபைல்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.' ஓஹோ! உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசத்தோட முடியுதில்ல?"

தேகியு விண்டோஸ் இருந்த பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் அழித்தான். புத்தம் புதிய திரை, இந்தக் கணினியைப் பயன்படுத்தப் போவது யார் என்று கேட்டது.

குவாக் புதியவனின் பெயரைச் சொல்லச் சொல்ல, தேகியு தட்டச்சு செய்தான்.