பேச்சுக்கான மதிப்பெண்

வகுப்பில் எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் எழுத்துக்கலையும் படித்தாள். அந்த மாலைப் பிரிவில் அவளைவிட மூத்தவர் பேராசிரியை ஒருவர்தான்.

கட்டுரை என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நாவல் வகுப்பில் கால்வாசி மதிப்பெண் பேச்சுக்கு. நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வாரம் படித்ததை ஆங்கிலத்தில் விவாதிக்க வேண்டும். அவளோ ஒரு வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டி, காலம் சரியா, ஒருமை பன்மை சரியா என்று தட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் பேச்சு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கும்.

பேச்சை அப்படிக் கொண்டுபோகிறவன் பெரும்பாலும் ரேடியோ. எதிர்வரிசையில் உட்காரும் ஒல்லி இளைஞன். வாய் ஓயாததால் வந்த பட்டப்பெயர். தொடங்கிய வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவனுக்கே தெரியாது; ஆனாலும் எப்படியோ பத்திரமாகத் தரையிறங்கிவிடும். புத்தகத்தை அவன் பாதி கூடப் படித்திருக்க மாட்டான் என்பது ஊரறிந்த ரகசியம்.

முதல் பருவ மதிப்பெண் வந்தது. கட்டுரைக்கு வகுப்பிலேயே முதலிடம். பேச்சுக்குக் கடைசி இடம். 'வாயே திறப்பதில்லை' என்று பேராசிரியை குறிப்பு எழுதியிருந்தார்.

"நிறைகுடம் தளும்பாது அண்ணி, விடுங்க" என்றாள் நாத்தனார், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"இங்க தளும்பினாத்தான் மார்க்கு."

கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். "நினைச்சதைச் சொல்லிட வேண்டியதுதானே? அதுல என்ன கஷ்டம்?" என்றார்.

"நீங்க வந்து அந்த மேசையில உக்காந்து பாருங்க" என்று எரிந்து விழுந்தாள். தட்டு கழுவும் சத்தத்தில் அடுக்களையே அதிர்ந்தது.

மறுநாள் பேராசிரியையின் அறைக்குப் போனாள். "மேடம், எனக்கும் சொல்ல இருக்கு. ஆனா இடைவெளியே கிடைக்க மாட்டேங்குது."

"இடைவெளி யாரும் தர மாட்டாங்கம்மா. குறுக்க பூந்து பேசுங்க" என்றார் அவர். பிறகு நல்ல யோசனை தோன்றியதுபோல் முகம் மலர்ந்தார். "அடுத்த நாவலை நீங்களும் ரேடியோவும் சேர்ந்து வகுப்புக்கு எடுத்துச் சொல்லுங்க. அவன்கூட இருந்தா உங்களுக்கும் பேச்சு வந்துடும்."

ஒட்டுவாரொட்டியா என்ன, பக்கத்தில் இருந்தால் தொற்றிக்கொள்ள? கேட்க நினைத்தாள். வாக்கியம் தயாராவதற்குள் பேராசிரியை தொலைபேசியை எடுத்துவிட்டார்.

ரேடியோ ஒரு மத்தியானம் கடைக்கே வந்தான். கூட்டம் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, உண்மையைச் சொல்லிடுறேன். நாப்பது பக்கம்தான் படிச்சேன். கதையைச் சொல்லுங்களேன்" என்றான்.

கோபம்தான் வந்தது. ஆனாலும் சொல்லத் தொடங்கினாள். வீட்டைவிட்டு ஓடிப்போன ஒருவன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். மனைவி சோறு போடுகிறாள், சிரிக்கிறாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று ஊரே சொல்கிறது.

"மன்னிக்கலையா?" என்றான் ரேடியோ.

"மன்னிக்கல. அவன் வந்ததுக்கு அப்புறம் வர்ற பக்கமெல்லாம் திரும்பப் பாரு. அவன் இருக்கற ரூம்ல அவ ஒரு தடவை கூட உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே பேசுவா, இல்ல எதையாவது எடுக்கப் போயிடுவா. கடைசிப் பக்கம் வரைக்கும்."

அவன் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டான். "யம்மாடி" என்றான். பிறகு கேள்வி மேல் கேள்வி கேட்டான். எல்லாமே நல்ல கேள்விகள். அவளும் தன் பாஷையில், இலக்கணம் பார்க்காமல், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். கண்ணாடிச் சட்டம் பார்க்க வந்தவர் இரண்டு முறை தொண்டையைச் செருமிய பிறகுதான் திரும்பினாள். இவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரிந்த ஆளா இவன் என்று இருந்தது. முன்பாதி கதைச் சுருக்கம் அவனுக்கு, பின்பாதி மனைவியைப் பற்றிய பகுதி அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

வகுப்பில் எடுத்துச் சொல்லும் நாளில் முதலில் ரேடியோ எழுந்தான். சுருக்கம் சொன்னான். நிற்கவில்லை. ஊர் சொல்வதை நம்பாதீர்கள் என்றான். அந்தப் பெண் எங்கே உட்கார்ந்தாள், காட்டுங்கள் பார்க்கலாம் என்று மேசையைத் தட்டினான். எல்லோரும் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார்கள். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அவள் முறை வந்தபோது கையிலிருந்த தாளில் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவன் சொன்னதைத்தான் நானும் நினைத்தேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காது மடல் சுட்டது.

நடைபாதையில் அவனை மடக்கினாள். "முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்குன்னு பிரிச்சோமா இல்லையா?"

"சத்தியமா வேணும்னு பண்ணலக்கா. எழுந்து நின்னா எது யாரோடதுன்னு மறந்துடுது. அவ்ளோ நல்லா இருந்துச்சு நீங்க சொன்னது." அவன் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "மேடம்கிட்ட நானே போய்ச் சொல்லிடுறேன்."

சொன்ன சொல் தவறாமல் போய்ச் சொல்லவும் செய்தான். எவ்வளவு அழகாகச் சொன்னானோ தெரியாது. அடுத்த வகுப்பில் பேராசிரியை எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார். தன் கருத்துக்கு இன்னொருவருக்கும் நன்றி சொல்கிற பெருந்தன்மை படிப்பவர்களுக்கு வேண்டும் என்றார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, அவள் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினார். "படிப்பை விட்டுடலாம்னு இருக்கு" என்றாள். "விட்டா அவனுக்கு என்ன நஷ்டம்?" என்றாள் நாத்தனார்.

பருவத்தின் கடைசி விவாதம். மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பேராசிரியை புத்தகத்தைத் திறப்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். எந்த வாக்கியமும் தயாராக இல்லை. முதல் வரியிலேயே ஒரு வினைச்சொல் காலம் மாறி விழுந்தது. விழுந்தது காதில் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள்.

வழக்கம்போல் ரேடியோ குறுக்கே நுழைந்தான். வழக்கமாக அந்த இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். அன்று நிறுத்தவில்லை. அவனுக்கும் நிறுத்தத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி, வெவ்வேறு விஷயங்களைப் பேசினார்கள். ஒரு பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கடைசியில் ரேடியோ வாயை மூடினான். வகுப்பில் முதல் தடவையாக அவன் வாக்கியம் ஒன்று பாதியில் நின்றது. அவளும் முடித்திருந்தாள்.

பேராசிரியை சொன்னார்: "ஒண்ணுமே புரியலம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க."

இரண்டாம் தடவை பாதி மறந்துபோயிற்று. சொன்னதும் சுமாராகத்தான் வந்தது. முடிப்பதற்குள் சிரிப்பை அடக்கிய அந்தப் பெண் கையைத் தூக்கி, அப்படி இல்லை, அக்கா சொல்வது தவறு என்றாள். கண்ணாடி அக்கா சொன்னதை வகுப்பில் யாரும் மறுத்தது அதுவரை நடந்ததில்லை. மறுக்க, சொன்னால்தானே? உடனே பதில் சொன்னாள். அந்தப் பெண்ணும் விடவில்லை. நேரம் முடிந்து விளக்கை அணைக்க ஆள் வந்த பிறகும் படிக்கட்டில், வாசலில், பேருந்து நிறுத்தத்தில் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போயே போய்விட்டது.

மதிப்பெண் வந்தது. பேச்சுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. குறிப்பு: 'மற்றவர்களுக்கும் பேச இடம் கொடுக்கலாம்.'

அதைக் கணவரிடம் நீட்டினாள். வாசித்துவிட்டு, "சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா?" என்று ஜாக்கிரதையாகக் கேட்டார்.

"அதை விடுங்க. அந்தப் பொண்ணு சொன்னது தப்பு. எப்படின்னு சொல்றேன், உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.