முதல் மடக்கு

மூன்றாம் வகுப்பு குசகாபே நாவோ டீச்சருக்கு அன்று காலையில் அடுத்தடுத்து இரண்டு போன். முதலில் பேசியவர் கொதோஹாவின் அம்மா. மகள் தினமும் தலைவலியோடு வீட்டுக்கு வருகிறாள், கொடுத்தனுப்பிய பார்லித் தேநீர் பிளாஸ்கில் அப்படியே திரும்பி வருகிறது, பாட நேரத்தில் பிள்ளைகளைக் குடிக்க விடுவதில்லையா, இப்படியே போனால் கோடை விடுமுறை வரைக்கும் பெண்ணை அனுப்பப்போவதில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதை வைத்த கையோடு அதே வகுப்புப் பையன் ஹொசோதானியின் அப்பா. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் பாடத்துக்கு நடுவே பிளாஸ்கைத் திறந்து திறந்து குடிக்கிறார்களாம். அது பள்ளிக்கூடமா, டீக்கடையா, நம் வகுப்பிலும் அந்தக் கூத்து நடக்குமா என்று கேட்டார். போன வருடம் ஒரு டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாட்டிலைத் திறந்தார் என்று பள்ளிக்குப் போன் போட்டவரும் இவரேதான். நாவோ இரண்டு பேருக்கும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். எதற்காகக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஏப்ரலில்தான் வேலைக்கு வந்தவள். முதல் வருடத்தை நல்ல பெயரோடு தாண்டினால்தான் வேலை நிலைக்கும். துணைத் தலைமையாசிரியர் துஜிமுராவிடம் ஓடினாள்.

"தெகிதோவா செய்யுங்க," என்றார் அவர்.

ஜப்பானிய மொழியில் தெகிதோ என்றால் அளவறிந்து என்று பொருள். ஏனோதானோ என்றாலும் அதே தெகிதோதான். இப்படி ஒரு சொல்லைப் பெற்றுப்போட்ட மகராசனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். அப்படியானால் குடிக்க விடலாமா கூடாதா என்று நாவோ மறுபடி கேட்டாள். அதான் சொன்னேனே என்று அவர் சிரித்த முகத்தோடு எழுந்து போய்விட்டார்.

சரி, வருவது வரட்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். இனிமேல் பாடம் நடக்கும்போதே தாகமெடுத்தால் குடிக்கலாம், கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தரும் பிளாஸ்கைத் தொடவில்லை. எத்தனை மடக்கு குடிக்கலாம் என்று ஒருவன் கேட்டான். எழுதும்போதா, வாசிக்கும்போதா என்று இன்னொருத்தி. வாசிக்கிறவர் குடிக்கலாமா, கேட்கிறவர் மட்டுமா என்று மூன்றாவது ஆள். நாவோவுக்குத் தலை சுற்றியது.

"தெகிதோவா குடிங்கப்பா," என்றாள். வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

மறுநாளும் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. குடி என்றால் குடிக்க வேண்டியதுதானே, இதில் என்ன சூட்சுமம்? வெயிலோ மண்டையைப் பிளந்தது. மூன்றாவது பாட வேளையில் கொதோஹா மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. நாவோ அவளைத் தூக்காத குறையாக நர்ஸ் அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

"ஏம்மா குடிக்கல? நான்தான் சொன்னேனே."

"நீங்க குடிக்கலையே, டீச்சர்."

"நான் குடிக்காட்டி உனக்கென்ன?"

கொதோஹா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் சேந்து கைகூப்பி 'இததாகிமாசு' சொல்லாம யாரும் தொட மாட்டோம்ல? தண்ணிக்கு யாருமே சொல்லல. எப்பச் சொல்வீங்கன்னு எல்லாரும் பாத்துட்டே இருந்தோம். நீங்க வேற காலைலேர்ந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்காம நிக்கறீங்க. குரல் எல்லாம் கட்டிப்போச்சு. உங்களுக்கு முன்னாடி நான் மட்டும் குடிச்சா ஒரு மாதிரியா இருக்கு."

நாவோவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளுடைய பிளாஸ்க் ஏப்ரலிலிருந்து ஆசிரியர் அறையில்தான் கிடக்கிறது. ஹொசோதானியின் அப்பா போன வருடம் போன் போட்ட கதையை, வேலைக்கு வந்த புதிதில் கேட்ட நாளிலிருந்து எச்சிலை விழுங்கிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதை ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டு கூடவே காய்ந்திருக்கிறது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். பின்சுவரோரம் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஹொசோதானியின் அப்பா கைகட்டி நின்றார். கதவருகே கொதோஹாவின் அம்மா விசிறியோடு. வெளி வராந்தாவில் துஜிமுரா. கரும்பலகையில் வகுத்தல் கணக்கு. நாவோ இன்று தன் பிளாஸ்கை மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதைப் பார்ப்பதும் கணக்கைப் பார்ப்பதுமாக இருந்தாள். குடித்தால் போன் வரும், வேலைக்கே உலை. குடிக்காவிட்டால் அந்தப் பெண் குடிக்க மாட்டாள். எது சரி என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்து, கைகூப்பி, "இததாகிமாசு," என்றாள்.

"இததாகிமாசு!" என்று வகுப்பே கத்தியது. மூடிகள் சடசடவென்று திறந்தன. கொஞ்ச நேரம் மடக் மடக் என்ற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஹொசோதானி எல்லோரையும்விடச் சத்தமாகக் குடித்தான். அவன் அப்பா கட்டிய கையை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். துஜிமுரா தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர்தான்.

பாடம் மீண்டும் தொடங்கியபோது கொதோஹா கை தூக்கினாள்.

"டீச்சர், என்னுது தீந்துபோச்சு. குழாய்ல போய்ப் பிடிச்சுட்டு வரலாமா?"

போச்சுடா. இதை யாருமே யோசிக்கவில்லை. பாடத்துக்கு நடுவே எழுந்து போவதா? பின்சுவரோரம் நின்ற பெற்றோர் எல்லோரும் நாவோவைப் பார்த்தார்கள். நாவோ துஜிமுராவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"தெகி..." வரைக்கும் நாக்கில் வந்துவிட்டது. நாவோ அதை விழுங்கினாள்.

"போம்மா," என்றாள். "நிறையப் பிடிச்சுட்டு வா."

கொதோஹா காலி பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவருகே நின்ற அவள் அம்மா, விசிறியை மடக்கி வழிவிட்டார்.