மடித்த தாள்

விடியற்காலையில் இறந்துபோன தங்கைக்கு வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டு, தொளதொளத்த இடத்தைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. அவளே அளவெடுத்துத் தைத்த உடுப்புதான். நாற்பது வருடத் தையற்காரி. யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்குத் தோள் இறங்கியது என்று டேப் வைக்காமலே சொல்லிவிடுவாள். கூடப் பிறந்தவள் பாதியாக இளைத்தது மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

"மெதுவா பெரியம்மா. அம்மாவுக்கு ஊசி குத்திடப் போகுது," என்றாள் தங்கை மகள். சொன்ன பிறகுதான் உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போதகர் உள்ளே வந்து, வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார். அக்கா நூலை அறுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய குற்றத்தை இன்னொருவர் சபையில் எடுத்துச் சொல்வதானால், முந்தின நாள் தனியறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தன் குற்றத்தை எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். யாரும் அதைப் பிரிப்பதில்லை. தவறியவருக்கு அன்றிலிருந்து திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. அவர் மனம் திருந்தியதும், எழுதியவரே கைப்பிடித்து அவரைத் திருவிருந்துக்குக் கூட்டி வருவார். உறை அன்றைக்குக் கிழிக்கப்படும். அதற்குள் அவரைச் சாவு முந்திக்கொண்டால், எழுதியவர் கையாலேயே அது அவருடைய சவப்பெட்டிக்குள் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா அந்த அறையில் உட்கார்ந்தாள். புருஷனைப் பறிகொடுத்த தங்கை குடிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே தள்ளாடிக்கொண்டு வந்து நின்றாள். அக்காவுக்கு மானம் போயிற்று. 'குடிச்சவ அவ. நான் என்னத்த எழுத?' என்று, கையோடு கொண்டுபோன சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி ஒரு மணி நேரத்தையும் ஓட்டினாள். வெறுந்தாளை மடித்து ஒட்டிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் எழுந்து நின்று கணீரென்று பேசினாள். தங்கை கடைசி பெஞ்சில் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளைத் திருவிருந்துக்குக் கூட்டி வரச் சொல்லிப் போதகர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் ஐயா," என்றாள் அக்கா, இரண்டு தடவையும்.

தச்சர் பெட்டியை இறக்கிவைத்தார். எல்லோருமாகத் தங்கையைத் தூக்கிக் கிடத்தினார்கள்.

"அம்மாவுக்கு உங்க மேல கோபமே இல்ல பெரியம்மா," என்றாள் மகள், உறையைப் பார்த்தபடி. "யாராவது உங்களப் பத்திப் பேசினா விடவே மாட்டாங்க. 'அக்கா சும்மா ஒண்ணும் என்னைச் சொல்லல. முதல்ல தன்னைப் பாத்து எழுதி வச்சிட்டுத்தான் சொன்னா. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா'ன்னுவாங்க."

உறையை உள்ளே வைத்துவிட்டால் தீர்ந்தது, ஒரு ஈ காக்கைக்குத் தெரியப்போவதில்லை. அக்காவின் கை பெட்டியின் விளிம்பு வரை போயிற்று. தங்கை முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

உறையைக் கிழித்தாள்.

"பிரிக்கக் கூடாதும்மா!" என்று பதறினார் போதகர்.

அவள் தாளை விரித்து அவருக்குக் காட்டினாள். பிறகு மகளுக்கும் காட்டினாள், இரண்டு பக்கமும்.

"அம்மா நம்பினாங்களே, பெரியம்மா," என்றாள் மகள்.

"ஆமாடி," என்றாள் அக்கா. "ஐயா, பேனா இருக்கா?"

தச்சர் பெட்டியின் மூடியை மேஜைபோலத் தாழ்த்திப் பிடித்தார். அதன் மேலேயே தாளை வைத்து எழுதினாள். தங்கையின் புருஷன் இறந்த மாதத்தில், பகலில் தனியாக இருக்கப் பயந்து அவள் வந்து கதவைத் தட்டியதை எழுதினாள். இனி தினமும் வந்து உட்கார்ந்துவிடுவாளே என்று, தான் மெஷினை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆளில்லாததுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை எழுதினாள். மூன்று தடவை தட்டிவிட்டுத் திரும்பிப் போன செருப்புச் சத்தத்தையும் விடவில்லை. கண்ணீர் சொட்டி எழுத்து பரவியது. புறங்கையால் ஒற்றிக்கொண்டு மேலே எழுதினாள்.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். போதகர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னார்.

தாள் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. மகள் உள்ளே போய், ஒரு நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, பெரியம்மாவின் முழங்கைப் பக்கத்தில் வைத்தாள்.