திங்கட்கிழமை பேட்டரி

மற்ற நாட்களில் எங்கள் பிக்கப் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். திங்கட்கிழமை விடியலில் மட்டும் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். முன்னால் எரியும் சின்னச் சின்ன விளக்குகளும் மெல்ல மங்கிப்போகும். தொடர்ந்து மூன்று திங்கட்கிழமைகள் அப்படி ஆனபோது, இது வண்டியின் கோளாறு இல்லை, யாரோ செய்கிற வேலை என்ற எண்ணம் எனக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு அது வெளியே போகவே இல்லை.

வண்டி என் கணவர் சனோனுடையது. பின்பக்கம் நீளவாக்கில் இரண்டு இருக்கைகள் போட்டு, மேலே கூரை அடித்து, எங்கள் ஊரான சிங்கனகொன்னில் இருந்து, டப்பாவில் மீன் அடைக்கும் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்வார். அவர் போன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. எனக்கு வேறு வருமானம் கிடையாது. தொழிற்சாலையில் ஒரு நாள் தாமதமானாலும் அந்த மாதம் முழு வருகைக்குக் கொடுக்கும் படிப்பணம் போய்விடும். அதனால் வண்டி சரியாக ஓடும்வரைதான் அந்தப் பெண்கள் என்னோடு இருப்பார்கள். நின்று நின்று போகிற வண்டியை இரக்கப்பட்டு யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றும் இருந்தது. சனோன் மருத்துவமனையில் இறந்தார் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். உண்மையில் அவர் உயிர் போனது இந்த வண்டியின் டிரைவர் சீட்டில்தான். தொழிற்சாலை வாசலில், வேலை முடிந்து பெண்கள் வெளியே வரக் காத்திருந்தபோது போய்விட்டது. முதலில் பார்த்தது, பக்கத்துச் சந்தையில் மீன் இறக்க வந்த அவர் தம்பி யோத். அண்ணனைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு அவனே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். போவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆள் செத்த வண்டி என்று தெரிந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள்.

பெண்கள் எங்கள் தெருமுனையில்தான் கூடுவார்கள். மூன்றாவது திங்களன்று நான் வண்டியோடு போராடிக்கொண்டிருக்க, பிரனோம் அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். தினமும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காருகிறவள். தொழிற்சாலையில் அவள் கத்தியைவிட வாய்தான் வேகம் என்பார்கள்.

"என்ன துவன், உன் வண்டி ஞாயித்துக்கெழம தண்ணியப் போட்டுட்டு திங்கக்கெழம எந்திரிக்க மாட்டேங்குதா?"

"பேட்டரி பழசாயிருச்சுக்கா."

"போன வாரமும் பழசுன்ன. அதுக்கு முந்தின வாரமும் பழசுன்ன. அது என்ன, திங்கக்கெழம மட்டும் வயசாகுற பேட்டரி?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் யோத்தின் வேன் தெருவுக்குள் வந்தது. ஏரியில் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்க்கிறவன். தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் வழியாம். முந்தின இரண்டு திங்களும் இதே போலத்தான் வந்தான்.

"ஏறுங்கக்கா, நான் கொண்டுபோய் விடுறேன். அண்ணி, நீங்க கவலப்படாதீங்க."

"பொட்டியெல்லாம் மீன் வாடை அடிக்குதுடா."

"நீங்க மட்டும் என்ன, மல்லிகப்பூ தொடுக்கவா போறீங்க?"

சிரித்துக்கொண்டே ஏறிப்போனார்கள். நான் சாவியைப் பிடித்தபடி நின்றேன். வண்டி நிற்கிற நாளிலெல்லாம் இவன் எப்படிச் சரியாக வந்து சேருகிறான்?

பக்கத்து வீட்டு வண்டியில் இருந்து வயர் கொடுத்துக் கிளப்பி, மெக்கானிக் புன்சோங்கிடம் கொண்டுபோனேன். முதல் திங்களுக்குப் பிறகு அவர்தான் பழுதுபார்த்த பேட்டரி ஒன்றை எனக்கு விற்றிருந்தார். அந்த வியாபாரத்தின் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. சாயங்காலங்களில் அவரும் யோத்தும் ஒரே மேசையில் சீட்டாடுவதை ஊரே பார்த்திருக்கிறது.

"பேட்டரி மேல தப்பில்லம்மா. டைனமோவும் நல்லா சார்ஜ் குடுக்குது," என்றார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் பல்பைப் பிடித்தார். அது மங்கலாக எரிந்தது. "பாத்தியா? வண்டி தூங்குறப்பயும் எதுவோ கரண்ட்டக் குடிச்சிக்கிட்டே இருக்கு. தெனம் ஓட்டுனா திரும்ப ஏறிக்கும். ராத்திரியோட ஞாயித்துக்கெழமப் பகலும் சேந்தா காலி."

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். டெஸ்ட் பல்பு அணையவில்லை.

"இது ஃபியூஸ் வழியா போகல. சீட்டயெல்லாம் கழட்டித் தேடணும். வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போ."

"ரெண்டு நாளைக்கு என் ஆளுங்கள யாருண்ணே கூட்டிட்டுப் போவா?"

"அதான் யோத் இருக்கானே."

அந்தப் பதிலை அவர் அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை விட மாட்டேன் என்றேன். தோளைக் குலுக்கினார்.

"அப்ப சனிக்கெழம வேல முடிஞ்சதும் மைனஸ் வயரக் கழட்டி வச்சிரு. பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். திங்கக்கெழம காலையில மாட்டிக்க."

அப்படியே செய்தேன். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிட வரும் யோத், அந்த ஞாயிறு ஏரியில் காற்று அதிகம் என்று வரவில்லை. திங்கள் காலை வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். சிங்கம் போலக் கிளம்பியது. பிரனோம் அக்கா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேற வண்டி வாங்கிட்டியா?" என்றாள்.

அடுத்த சனியும் கழற்றினேன். ஞாயிறன்று யோத் வழக்கம்போல மீனோடு வந்து சாப்பிட்டுப் போனான். திங்கள் விடியலில் எஞ்சின் மூடியைத் தூக்கினால், நான் கழற்றி ஓரமாகத் துணி சுற்றி வைத்த வயர் பேட்டரியில் மாட்டியிருந்தது. நட்டு இறுக்கமாக முறுக்கியிருந்தது, என் கைக்கு அவ்வளவு முறுக்கம் வராது. துணி மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பினேன். 'டிக்.'

மூடியைத் திறக்கும் லீவர் வண்டிக்குள் இருக்கிறது. வண்டியைப் பூட்டியிருந்தேன். கதவில் கீறல் இல்லை. சனோனிடம் இரண்டு சாவிகள் இருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவர் கடிகாரமும் தாயத்தும் ஒரு சாவியும்தான் இருந்தன. இன்னொன்று எங்கே என்று துக்கத்தில் நான் யாரையும் கேட்கவில்லை.

பிரனோம் அக்கா இந்த முறை கேலி பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பாரு துவன், சனோன் முகத்துக்காக இத்தன நாள் பொறுத்தாச்சு. போன மாசம் ரெண்டு பேருக்கு படி போயிருச்சு. அடுத்த திங்கக்கெழம உன் வண்டி நின்னா, நாங்க மொத்தமா யோத் வேனுக்கு மாறிடுறோம். அவன்கிட்ட கேட்டும் வச்சாச்சு."

"என்ன சொன்னான்?"

"அண்ணிகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னான். நல்ல பையன்."

அந்த நல்ல பையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வயரைக் கழற்றினேன். ஞாயிறு மதியம் யோத் கொடுவா மீனோடு வந்தான். புளிக்குழம்பு வைத்தேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான், காரம் போதாது என்றான். அண்ணன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். நான் தலைவலிக்கிறது என்று சொல்லி உள்ளே போய், சமையலறைப் பலகைச் சந்து வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் என் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு செருப்பைப் போடாமல் கொட்டகைக்குப் போனான். சட்டைப்பையில் இருந்து சாவியை எடுத்தான். அதே பையில் இருந்து ஸ்பானரையும் எடுத்தான். மூடியைத் தூக்கி, அவசரமில்லாமல், பழகிய கையோடு வயரை மாட்டி முறுக்கினான்.

குழம்புக்கு மசாலா இடித்த சிறு உலக்கை என் கையில் இருந்தது. வெளியே போனேன்.

"அந்தச் சாவிய கீழ வை."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அண்ணி, தூங்கலயா?"

"தூங்கியிருந்தா நாளைக்கு எந்திரிக்கிறப்ப எனக்கு சோறு இருக்காது. எத்தன நாளா நடக்குது? என் பொழப்பு வேணும்னா வாய் திறந்து கேட்டிருக்கலாமேடா."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி."

"பின்ன எப்படி?"

அவன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினான். சீட்டுக்கு அடியில், வெளியே தெரியாதபடி, கட்டை விரல் அளவுக்கு ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுச் சாமி அலமாரியில் போடுகிற மாதிரி பல்பு. அதன் முன்னால் காய்ந்த சாமந்திப்பூ ஒன்று.

"அண்ணன் இங்கதான் இருக்காரு," என்றான். "அவர யாரும் கூப்பிடவே இல்லயே அண்ணி. இருட்டுல உக்காந்திருப்பாரேன்னு வச்சேன். மேல வச்சா பிரனோம் அக்கா கண்ணுல படும்."

வீட்டுக்கு வெளியே உயிர் விட்டவரை அந்த இடத்துக்கே போய், ஊதுபத்தி கொளுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும். வழியில் பாலம் வந்தால் பாலம் என்றும், திருப்பம் வந்தால் திருப்பம் என்றும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள். சவப்பெட்டிக்குக் கீழே விளக்கு அணையாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஆனால் தொழிற்சாலை வாசலில் ஊதுபத்தி கொளுத்தினால் அன்றே ரகசியம் போய்விடும். அதனால் கூப்பிடவில்லை.

என் கோபம் கொஞ்சம் நின்றது. சந்தேகம் நிற்கவில்லை.

"கூண்டுக்கெல்லாம் மோட்டார் மாட்டுறவன் நீ. ராத்திரி பகலா பல்பு எரிஞ்சா பேட்டரி என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"இத்தனூண்டு பல்பு அண்ணி."

"ஃபியூஸ்ல சேக்காம நேரா பேட்டரியில ஏன் குடுத்த?"

"சாவிய எடுத்தாலும் அணையக் கூடாதுன்னுதான்."

"வயரக் கழட்டி துணி சுத்தி வச்சிருந்தேனே. அது தானாவா சுத்திக்கிச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "வெளக்கு அணஞ்சிருந்துச்சு. வேற எதயும் நான் யோசிக்கல."

"பிரனோம் கேட்டத என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்றது?"

ஒவ்வொரு பதிலும் ஒரு அழுகிற தம்பியின் பதிலாகவும் இருந்தது, ஒரு கெட்டிக்காரத் திருடனின் பதிலாகவும் இருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்து வந்து வயரைக் கையில் பிடித்தேன். வெட்டினால் நாளை வண்டி கிளம்பும். ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, அதை அணைத்து அவரை இருட்டில் விட என்னால் முடியவில்லை. விளக்கையும் வைத்துக்கொண்டு பிழைப்பையும் வைத்துக்கொள்ள முடியாது. ரகசியம் போனாலும் சரி, அவரை முறைப்படி வீட்டுக்குக் கூப்பிட்டு வந்துவிட்டால் விளக்கு தேவைப்படாது.

"வண்டிய எடு," என்றேன். "நீயே ஓட்டு."

ஒரு இரவு ஓய்ந்திருந்த பேட்டரியில் வண்டி உடனே கிளம்பியது. தொழிற்சாலை வாசல் மூடியிருந்தது. காவலாளி எழுந்து வந்து, "இன்னைக்கு லீவும்மா," என்றார். தெரியும் என்றேன். சனோன் வழக்கமாக நிறுத்துகிற வேப்பமர ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஊதுபத்தி கொளுத்தினேன். காவலாளி என் கையையும் டிரைவர் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்க் கை கூப்பினார். அப்போதே அவர் கண்ணில் நாளைய பேச்சு தெரிந்தது.

"வாங்க," என்றேன். "எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நீங்க மட்டும் இங்க உக்காந்து என்ன செய்றீங்க? வாங்க, போலாம்."

திரும்பும்போது ஊதுபத்தியை அணையாமல் பிடித்தபடி சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் வருது, கூடவே வாங்க. பாலம் தாண்டியாச்சு. இது கோயில் திருப்பம். பனமரம் நிக்கிற எடம், மெதுவா. யோத் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணன் ஓட்டுகிற மாதிரியே ஒவ்வொரு மேட்டிலும் கியரைக் குறைத்து ஓட்டினான். வீட்டில் டிரைவர் கதவைத் திறந்து வைத்து, இறங்கச் சொல்லி, ஊதுபத்தியை அவர் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நட்டேன். பிறகு வந்து வயரை வெட்டினேன். நான் கேட்காமலே யோத் அந்த இன்னொரு சாவியைக் கொடுத்தான்.

திங்கள் காலை வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. தெருமுனையில் எல்லோரும் நின்றிருந்தார்கள், யாரும் ஏறவில்லை. காவலாளியின் பேச்சு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பிரனோம் அக்கா முன் கண்ணாடி வழியாக என் சீட்டை உற்றுப் பார்த்தாள்.

"அவரு எறங்கிட்டாரா?"

"நேத்தே எறங்கிட்டாரு."

"நல்லா பாத்தியா?"

"கதவத் தெறந்து விட்டேன்கா. எறங்கலன்னா இந்நேரம் நான் ஓட்டுறத பாத்துத் திட்டியிருப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஏறினாள். முன்சீட்டில் இல்லை, பின்னால் போய் உட்கார்ந்து, கழுத்துத் தாயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு இன்னும் சிலர் ஏறினார்கள். பாதிக்கும் குறைவு. டீசல் போக அரிசிக்கு மிஞ்சும்.

மற்றவர்கள் நகராமல் நின்றார்கள். எனக்குப் பின்னால் யோத்தின் வேன் வந்து நின்றது. அன்று அதில் ஒரு மீன் பெட்டிகூட இல்லை. கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு பக்கமும் பலகை அடித்திருந்தான். அவர்கள் அதில் ஏறினார்கள். பயந்தவர்கள் வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்கக் கூடாது என்று நேற்று ராத்திரி அடித்த பலகையா, அல்லது முன்பே தயாராக இருந்ததா என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கை கூப்பினான். நான் கியரைப் போட்டு அவனுக்கு முன்னால் கிளம்பினேன்.