பிஷப் சட்டை உரித்த ஞாயிறு

ஒடெட்டுக்கும் நெருப்புக்கும் என்ன பகையோ தெரியாது. அவள் சோறு வைத்தால் அடிபிடிக்கும். பால் காய்ச்சினால் பாத்திரம் கரியாகும். அண்ணன் கப்ரியேலின் கல்யாணத்தன்று அவனுடைய வெள்ளைக் கோட்டைத் தேய்த்துத் தருகிறேன் என்று தானே முன்வந்து, முதுகின் நட்டநடுவில் இஸ்திரிப் பெட்டியின் அச்சைப் பழுப்பாகப் பதித்துவிட்டாள். பூசை முழுவதும் மாப்பிள்ளை பீடத்தைப் பார்த்தே நின்றதால், மாதா கோயிலில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முதுகைத்தான். அன்று முதல் சைகோனில் இருந்த காரைக்கால்காரர்களுக்கு அவள் 'மத்மசேல் தீசல்', அதாவது தீசல் குமாரி. வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

கேலியெல்லாம் பழகிவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். பொய். ஒவ்வொரு தடவையும் வலித்தது.

ஊர் நடுவில் 'பென் தான்' என்ற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். வெயில் வாசலோடு நின்றுவிடும். கப்ரியேல் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்தான். மாதக்கணக்கில் கடலில் இருப்பான். வீட்டை ஆண்டது அவன் மனைவி ஜெனேவியேவ். சமையலில் அவளை அடிக்க ஆளில்லை. அவள் கையால் ஒரு அப்பளம்கூடக் கருகியதில்லை என்பது ஊரறிந்த சேதி. ஊருக்குச் சொன்னவளும் அவளேதான்.

அறுபத்தொன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் கப்ரியேல் மடகாஸ்கரிலிருந்து ஒரு பச்சோந்தியைக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்தான். ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து எடுத்துவைத்து, திருவிழாப் பவனியில் வருகிற பிஷப் மாதிரி அது நடந்ததால், அதற்கு 'பிஷப்' என்றே பெயர் வைத்தாள் ஒடெட். தலையில் குல்லாய் போல ஒரு கூம்பும் இருந்தது. பெயர் பொருத்தம்தான்.

வெயில் வராத வீட்டில் அதற்குச் சூடு வேண்டும், கூண்டுக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிடு என்று கப்ரியேல் சொன்னதும் ஜெனேவியேவ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ கையில சூடா? நல்லா யோசிச்சுத்தான் பேசுறீங்களா? ஒரே வாரத்துல அந்த ஓணானை வறுத்துத் தட்டுல வச்சிடுவா."

கப்ரியேல் சிரித்துக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொன்னான். "சரி, ஒடெட். அதுக்கு ஒரு சூடு பட்டாலும் மிருகக்காட்சி சாலைக்குக் குடுத்துடறது. சம்மதமா?"

சம்மதித்தாள். வேறென்ன செய்வது? ஆபீசில் தட்டச்சு, வீட்டில் அண்ணியின் ஏச்சு என்று போய்க்கொண்டிருந்த அவள் நாட்களில், சாயங்காலம் சந்தையில் பறவைக்காரனிடம் வெட்டுக்கிளி வாங்கிக்கொண்டு ஓடிவர ஒரு காரணம் கிடைத்தது. பிஷப் ஒரு கண்ணால் வெட்டுக்கிளியையும் மறு கண்ணால் அவளையும் பார்க்கும். அந்த வீட்டில் அவளைத் 'தீசல்' என்று நினைக்காத ஜீவன் அது ஒன்றுதான். அதன்மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

கப்ரியேலின் கப்பல் திரும்பி வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் காலை, ஒடெட் கூண்டுத் துணியை விலக்கினாள். பிஷப்பின் முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பச்சை மங்கிச் சாம்பலாகியிருந்தது. தலைக்கூம்பின் உச்சியில், பல்புக்கு நேர் கீழே, வெள்ளை தடித்துக் கிடந்தது.

தீய்த்துவிட்டேன், என்று நினைத்தாள். இதையும் தீய்த்துவிட்டேன்.

"மோன் தியே, கடவுளே!" என்று பின்னாலிருந்து அலறினாள் ஜெனேவியேவ். "நான் சொல்லல? வெந்து கொப்புளமாயிடுச்சு பாரு! பாவம், வாயில்லா ஜீவன். நாளைக்கு அவர் வரட்டும். சாப்பாடு முடிஞ்ச கையோட கூண்டு மிருகக்காட்சி சாலைக்குப் போகுது."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சூட்டுக்காயத்துக்கு வெண்ணெய் தடவ வேண்டும் என்று டின்னைத் திறந்து, விரலில் ஒரு உருண்டை வழித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் சத்தம் கேட்டு, மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பஞ்சவர்ணம் ஆச்சியும் எட்டிப்பார்த்துவிட்டார். காரைக்குடிக்காரர். கூண்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சூடுமில்லை, ஒண்ணுமில்லை. ஆத்தா இறங்கியிருக்கா. அம்மை இது. மஞ்சத் தண்ணி தெளி ஒடெட்டு, தானா இறங்கிரும்."

ஒரு பக்கம் வெண்ணெய், ஒரு பக்கம் மஞ்சள் தண்ணீர். நடுவில் பிஷப் ஒரு கண்ணை அந்தப் பக்கமும் ஒரு கண்ணை இந்தப் பக்கமும் உருட்டியது. அண்ணியின் விரல் கூண்டுக்குள் நுழைந்தபோதுதான் ஒடெட்டுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கூண்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க அண்ணி! முதல்ல நான் பாக்கணும்."

"நீ என்னத்தப் பாக்கப்போற?"

"தீசலை. இந்த வீட்ல தீசலைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய உண்மை என்று அவளுக்கே உறைத்தது. எத்தனை பானை, எத்தனை சட்டை, தன் கையிலேயே எத்தனை சூடு! தீசல் எப்படி வரும், எங்கே வரும், எப்படி இருக்கும் என்பதில் அவளை மிஞ்ச சைகோனில் ஆள் உண்டா?

கூண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உட்கார்ந்தாள். பிஷப்பைக் கையில் ஏற விட்டாள். சோறு அடிபிடித்தால் அடியில்தான் கருகும். மேலே வெள்ளையாகத்தான் இருக்கும். கோட்டில் இஸ்திரிப் பெட்டி பட்ட இடத்தில்தான் அச்சு விழுந்தது, கழுத்துப்பட்டி கருகவில்லை. நெருப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் தீயும். பல்பு இருந்தது மேலே. அப்படியானால் வயிறு?

மெல்லத் திருப்பினாள். வயிற்றில் வெள்ளை. தொடையின் உள்பக்கம் வெள்ளை. சுருட்டிவைத்திருந்த வாலைப் பிரித்தால், ஒரு நாளும் விளக்கொளி பட்டிராத உள்வளைவிலும் வெள்ளை. விரல் இடுக்கிலும் வெள்ளை! எந்தப் பல்பு விரல் இடுக்கைத் தேடிப்போய்ச் சுடும்?

திட்டுகளின் ஓரத்தைப் பார்த்தாள். ஈரமில்லை, கொப்புளமில்லை, கருப்பில்லை. வியட்நாம்காரர்கள் பலகாரம் சுருட்டுகிற, இன்னும் ஊறவைக்காத அரிசிமாவுத் தாள் போல மெல்லிசாக, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. சூடுபட்ட தோல் அப்படித் தூக்காது. கறுத்து இறுகும், இல்லாவிட்டால் நீர்கட்டும். ஒரு வெட்டுக்கிளியை நீட்டினாள். நாக்கு பாய்ந்தது, வெட்டுக்கிளியைக் காணோம். உடம்பு வெந்த பிராணி இப்படியா சாப்பிடும்?

"அண்ணி, இது சூடில்லை. சட்டை உரிக்குது. பாம்பு உரிக்கிற மாதிரி."

"அப்ப தலையில இருக்கிறது?" ஜெனேவியேவ் சளைக்கவில்லை. "பல்புக்கு நேரா தடிப்பா இருக்கே, அது?"

ஒடெட் கூம்பை உற்றுப் பார்த்தாள். உடம்பு முழுக்கச் சட்டையே உரித்தாலும், உச்சியில் மட்டும் சூடு பட்டிருக்கலாம் அல்லவா? வெள்ளைக்குக் கீழே பச்சையும் இருக்கலாம், புண்ணும் இருக்கலாம். உரித்துப் பார்க்க விரல் துறுதுறுத்தது. பிய்த்தால் நல்ல தோலும் கூடவே வந்துவிடும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

புறங்கையைப் பல்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். இதமான சூடுதான். ஆனால் பிஷப் மேல்கிளைக்கு ஏறினால்? மனசு கேட்காமல் பல்பை இன்னும் ஒரு சாண் தூக்கிக் கட்டினாள். ஆச்சி சொன்னதில் மஞ்சளை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, கிளையெல்லாம் நனையத் தெளித்தாள். வெண்ணெய் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாத்தனாரின் இந்த அவதாரத்தை ஜெனேவியேவ் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிறு பூசையில் ஒடெட் என்ன வேண்டியிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தால் கப்ரியேல் பெட்டியோடு கூண்டின் முன் நின்றிருந்தான். மனைவியின் அடுப்பில் வாத்துக்கறி வெந்துகொண்டிருந்தது. நாக்கில் புகார் வெந்துகொண்டிருந்தது. கூண்டுக்குள் பிஷப்போ கிளையில் உடம்பைத் தேய்த்து, பின்காலால் விலாவைச் சுரண்டி, அரைகுறையாகச் சட்டையைக் கழற்றியிருந்தது. உரிந்த இடமெல்லாம் மழையில் நனைந்த வாழையிலைப் பச்சை. முதுகு சுத்தம். வயிறு சுத்தம். தலையுச்சி மட்டும் அசையவில்லை.

"பாத்தீங்களா, அங்க மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு!" என்றாள் ஜெனேவியேவ். "நேத்திலேர்ந்து நான் சொல்றது அதைத்தான்."

"கொஞ்சம் பொறுண்ணே," என்றாள் ஒடெட். "அது உரியட்டும். கீழே புண் இருந்தா, நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

மூவரும் நின்றார்கள். பிஷப்புக்கு அவசரமில்லை. ஒரு கிளையைப் பார்த்தது. வேண்டாம் என்று விட்டது. இன்னொரு கிளைக்கு நடந்தது. ஜெனேவியேவ் முகத்தைக் கூண்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் பார்த்தாள். பிஷப் தலையைக் குனிந்து, கிளையின் முடிச்சில் கூம்பை அழுத்தி ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு தேய்ப்பு. வெள்ளை அப்படியே குல்லாய் மாதிரி கழன்று கீழே விழுந்தது.

உச்சி பச்சை. ஒரு வடு இல்லை. பளபளவென்று, புத்தம்புதுசாக, பச்சை!

ஒடெட் வாய்விட்டுக் கத்தினாள். கப்ரியேல் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் அழுதாள், சிரித்தாள், எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒன்றைத் தீய்க்கவில்லை. அதை எல்லார் கண்ணும் பார்த்தது.

அண்ணன் கையிலிருந்து இறங்கும்போதே அவள் மூக்கு விடைத்தது. உலகத்தில் அவளுக்கு இதைவிடப் பழக்கமான வாசனை இல்லை.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "அடுப்புல வாத்து."

ஜெனேவியேவ் பாய்ந்தாள். நேரம் கடந்துவிட்டிருந்தது. புகையோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கப்ரியேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒடெட் அவன் காலை மிதித்தாள். அந்தப் பெயர் இன்னொருத்திக்கு வர வேண்டாம்.

கரண்டியை எடுத்து, மேலாக ஒரு துண்டை அள்ளித் தன் தட்டில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "உட்காருங்க அண்ணி. தீஞ்சது அடிப்பக்கம்தான். மேல எல்லாம் நல்லா இருக்கு."