உடைமுள் வெட்டிய காலை

ஞானதீபம் ஓங்கிய அரிவாள் கிளையில் வழுக்கி மண்ணில் இறங்கியது. பின்னாலிருந்து உடனே குரல் வந்தது.

"ஏட்டி, நேரா கொத்தாத. சரிச்சுப் போடு."

அவள் கணவர் தேவதாசன், தானே கட்டிய ஓலைக் குடிலின் வாசலில் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. இடது கை நெஞ்சைப் பிடித்திருக்க, வலது கை எப்படி வெட்டுவதென்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றதும் மனிதருக்குப் பிடித்த கிறுக்கு இது. வருஷத்துக்கு ஒரு தடவை, பனவடலிசத்திரத்துக்கு மேற்கே தரிசாய்க் கிடக்கும் சொந்தக் காட்டில் இரண்டு ராத்திரி தங்குவார். அந்தப் பெரிய அரிவாள்தான் துணை. கம்பு வெட்ட, விறகு பிளக்க, வெங்காயம் நறுக்கக்கூட அதுதான். மகன் கிறிஸ்வின் வாங்கி அனுப்பிய டென்ட் வீட்டில் உறை பிரிக்காமல் கிடந்தது. இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் காவலுக்கு அவளும் வந்திருந்தாள். போன் கூடாது என்பது அவர் சட்டம். அவள் சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது அதுதான் கைகொடுத்தது. சங்கரன்கோவிலிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

ஆனால் ரோட்டிலிருந்து வரும் பாதையைக் குடிலுக்குப் பக்கத்தில் உடைமுள் மூடியிருந்தது. ஒருவர் குனிந்து வரலாம், ஸ்ட்ரெச்சர் வராது. அவர்கள் வருவதற்குள் வழி வெட்டியாக வேண்டும்.

"கைய இறுக்காத. அருவா வெயிட்டுக்கு அதுவே வெட்டும்."

"மூச்சு முட்டுதுங்கீங்க, பேச்சு மட்டும் குறையல. செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரிங்க!"

அவர் சிரித்தது கேட்டது.

அடுத்த கிளை ஒரே போடில் விழுந்தது. அதற்கடுத்ததும். கல்யாணமான நாளிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்காதவர் இன்றைக்குக் கேட்டுவிட்டாரே என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு ஒரு வெட்டு பிசகி, முள் முழங்கையைக் கீறியது. பின்னால் சத்தமே இல்லை.

"கோணலாப் போட்டுட்டேன், பாத்தீங்களா?" என்றாள்.

திரும்பினாள்; அவர் தலை தொங்கிக் கிடந்தது. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள். கன்னத்தைத் தட்டினாள். நெஞ்சில் காதை வைத்தாள். வாயை மூடச் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது.

"பேசுங்க," என்றாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பேசுங்க."

அவர் தலையை மெதுவாகச் சாய்த்து வைத்து, துண்டால் வியர்வையைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் மறுபடியும் அரிவாளை எடுத்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த இருவரில் கோமதிசங்கர் என்ற பையன் முதலில் ஓடிவந்தான். நாடி பார்த்தான், கண்ணைத் திறந்து பார்த்தான். அப்புறம் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா... ஐயா போயிட்டாங்க."

"தெரியும்யா."

"ரோடு வரைக்கும் ஸ்ட்ரெச்சர்ல நாங்க கொண்டு வந்துருதோம். வழி தாராளமா இருக்கு. வெட்டுனது போதும்மா."

அவள் அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளைக்கு அரிவாளை ஓங்கினாள். எட்டவில்லை.

"அது எதுக்கும்மா?"

"அவரு நல்ல ஒசரம்லா. தலையில தட்டும்."

கோமதிசங்கர் எக்கி அந்தக் கிளையை வளைத்து, அவள் வெட்ட வாகாகப் பிடித்துக்கொண்டான்.