கூட அரைத்த இலை

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தும் மருந்துக்காரர் உட்காரவில்லை. தண்ணீர்க் குழாய் வரை போவார், திரும்புவார், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார், மறுபடியும் குழாயடிக்கே போவார். எவ்வளவு நடந்தும் முதுகு வளையவில்லை. வலது கைச் சட்டை மடிப்பை மட்டும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அங்கே பிசுபிசுவென்று ஒரு கறை.

கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தவர் அவருடைய தங்கை கணவர். தையல்காரர். கண் மஞ்சளாகிவிட்டதென்று நேற்றுக் காலை மச்சான் வீட்டுக்கு வந்து மருந்து குடித்தார். சாயங்காலம் வாந்தி. இன்று விடிந்ததும் தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். இப்போது இதயம் நின்று நின்று அடிக்கிறதாம்.

மருந்துக்காரரின் முன்னோர் காட்டு மக்கள். அவர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பச்சிலை. ஒருவருக்கு எலும்பு முறிவு, ஒருவருக்குப் பிள்ளைப்பேறு, இவர்களுக்கு மஞ்சள் காமாலை. காட்டை விட்டு இறங்கி வந்து ஊருக்குள் ஓட்டு வீடு கட்டிக்கொண்ட பிறகும் வழக்கம் மாறவில்லை. செடியிடம் போய் நின்று, இன்னாருடைய உடம்புக்குப் போகிறாய் என்று நோயாளியின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் இலையைக் கிள்ள வேண்டும். இலையின் பேரை வெளியே சொல்லக் கூடாது. மகனுக்குச் சொல்லலாம், மகளுக்குக் கூடாது. அவள் நாளைக்கு வேறு வீட்டுக்காரி.

கதவு திறந்தது. டாக்டர் அம்மாள் வெளியே வந்தார்.

"நேத்து மருந்து குடுத்தது நீங்கதானே? என்ன இலை அது?"

"அது எங்க குடும்ப மருந்தும்மா."

"இருக்கட்டும். என்ன இலை?"

"சொல்ற வழக்கம் இல்ல. எங்க தாத்தா காலத்துலேர்ந்து குடுக்கிறோம். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"இன்னைக்கு ஆயிருக்கே, ஐயா. என்ன உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மருந்து போடலாம். தெரியாம போட்டா நாங்க போடறதே அவரை முடிச்சிடும்."

சுவரோரம் நின்றிருந்த தங்கை விடுவிடுவென்று வந்தாள்.

"அண்ணா, நான் வேற வீட்டுக்குப் போனவ, எனக்குச் சொல்லக் கூடாது. சரி, நான் கேட்டனா? இதோ, காதப் பொத்திக்கிறேன். அவங்ககிட்ட சொல்லு."

சொன்னபடியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. டாக்டரின் பக்கம் குனிந்து, மூன்று தலைமுறை வாய்க்குள்ளேயே இருந்த பேரைச் சொன்னார். அது பழைய காட்டுப் பேச்சு, டாக்டருக்கு விளங்கவில்லை. இலையின் அளவு, நரம்பு ஓடும் விதம், காயின் நிறம் எல்லாம் சொன்னார். டாக்டர் போனில் எதையோ தட்டி, படத்தை நீட்டினார்.

"இதுவா?"

அதேதான். காய் உட்பட அதேதான். யாருக்கும் தெரியாதென்று அவர் நெஞ்சுக்குள் வைத்துக் காத்தது அந்தக் கண்ணாடிச் சில்லில் பளிச்சென்று இருந்தது.

"இது இதயத்தை ஒண்ணும் பண்ணாதே," என்றார் டாக்டர். "கூட வேற ஏதாவது சேர்த்தீங்களா?"

"இல்ல."

யோசிப்பதற்கு முன்பே வந்துவிட்ட வார்த்தை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்று உள்ளே போனார் டாக்டர். மருந்துக்காரரின் கால்கள் தாமாகக் குழாயடியை நோக்கி நடந்தன. கட்டைவிரல் மறுபடியும் கறைக்குப் போயிற்று.

சேர்த்திருந்தார். எப்போதுமே சேர்ப்பதுதான். அரைக்கும்போது எட்டிப் பார்க்கிறவர்கள் மருந்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, தாத்தா ஏற்படுத்திய தந்திரம் அது. உண்மையான இலையோடு ஒரு கிள்ளு வெற்று இலை. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பார்க்கிறவன் கண்ணைக் கட்ட மட்டும். கொல்லைப்புறத்தில் அதற்கென்றே ஒரு சாதுவான செடி இருந்தது. போன வாரம் சாக்கடை போடப் பள்ளம் தோண்டியவர்கள் அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று தையல்காரர் சும்மா உட்காரவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு அம்மிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இன்னைக்கு உங்க குட்டு உடையப்போகுது. நான் துணியப் பாத்தே எந்த மில்லுன்னு சொல்றவன், தெரியுமில்ல?"

"நல்லா பாரு. பாத்துக் கண்ணு இன்னும் மஞ்சளாகப் போகுது," என்றார் மருந்துக்காரர்.

அந்தக் கண்ணை ஏமாற்றத்தான் நேற்று ஒரு கிள்ளுக்குப் பதில் ஒரு பிடி போட்டார். பஸ் டெப்போ வேலியில் படர்ந்திருந்த கொடி, ஊதாப் பூ, பளபளவென்ற இலை. உண்மையான இலைக்காகக் காலையிலேயே குளித்து, ஏரிக்கரை வரை நடந்து, தையல்காரரின் பேரைச் சொல்லிப் பறித்தவர், இதை மட்டும் வரும் வழியில், நின்றும் நிற்காமல் உருவிக்கொண்டு வந்தார். உருவும்போது பால் வடிந்தது. பால் வடிகிற இலையைத் தெரியாமல் வயிற்றுக்குக் கொடுக்காதே என்பதுதான் அப்பா அவருக்குச் சொன்ன முதல் பாடம். பாலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மருந்து என்று நினைத்திருந்தால் அப்போதே எறிந்திருப்பார். வெறும் பொய்தானே என்று இருந்துவிட்டார்.

இலையின் பேரைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. எங்கள் வீட்டு மருந்தில் பாதி வேஷம் என்று எந்த வாயால் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு அவர் கையிலிருந்து வாங்கிக் குடித்த தெரு முழுக்க என்ன சொல்லும்? போன மாதம் குடித்தவனும் வயிற்றைத் தடவிப் பார்ப்பான்.

கண்ணாடிக் கதவு வழியாகத் தையல்காரரின் கால்கள் தெரிந்தன. மிஷினை மிதித்து மிதித்துக் காய்த்துப்போன பாதம். அசையவே இல்லை.

அவர் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே போனார்.

"இருக்கும்மா. இன்னொண்ணு சேர்த்தேன். டெப்போ வேலிக் கொடி, பால் வடியும். பேரு எனக்குத் தெரியாது."

டாக்டர் திரும்பினார். "பேரு தெரியாததையா குடுத்தீங்க?"

"ஆமா."

அந்த ஒரு வார்த்தையைத் தலை குனியாமல்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஓடிப் போய்க் கொஞ்சம் கொண்டாங்க. பூவோட."

நடுத்தெருவில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "என்ன மருந்துக்காரரே, தீப்பிடிச்சிருச்சா?" என்று பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் கேட்டான். அவர் காதில் வாங்கவில்லை. வேலியில் கொடியைப் பிடித்தபோது கை தானாக நின்றது. மூச்சு வாங்க, தையல்காரரின் பேரை அந்தக் கொடியிடம் சொன்னார். நேற்றே சொல்லியிருக்க வேண்டியது. பிறகு பூவோடும் பாலோடும் ஒரு முழம் ஒடித்துக்கொண்டு திரும்பி ஓடினார்.

டாக்டர் கொடியைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், இரண்டு நர்சுகளை விரட்டினார். மருந்து ஏறியது. மருந்துக்காரர் குழாயடிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் மதியம், இதயம் ஒழுங்காக அடிக்கிறது, இனிப் பயமில்லை என்றார்கள்.

அண்ணன் டாக்டரிடம் சொன்னது தங்கை காதிலும் விழுந்திருந்தது. உள்ளே போகுமுன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, அவர்கிட்ட இதெல்லாம் சொல்லாத. உடம்பு ஒத்துக்கலன்னு சொல்லிடு. அவர் வாய் சும்மா இருக்காது, கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிடுவார். நம்ம வீட்டுப் பேரு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதும் தாய்மாமன் வீட்டுப் பேரத்தானே கேப்பாங்க?"

நேற்றுக் காதைப் பொத்திக்கொண்டு சொல்லு என்றவள் இவள். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். பேருக்குப் பயந்து 'இல்ல' என்று நேற்று ஒரு தடவை சொல்லியாயிற்று. அந்தப் பேரையே வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

தையல்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் சுருங்கியிருந்தாலும் கண்ணில் பழைய குறும்பு.

"என்ன மச்சான், ஒரேயடியா அனுப்பிடப் பாத்தீங்களா? எந்த இலை அது, இப்பவாவது சொல்லுங்க."

பின்னாலிருந்து தங்கை இருமினாள்.

மருந்துக்காரர் சொன்னார். தாத்தாவின் தந்திரம், பள்ளத்தோடு போன செடி, வேலிக் கொடி, வடிந்த பால், எல்லாம். நின்றுகொண்டே சொன்னார். தையல்காரரின் கண்ணிலிருந்த குறும்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"அப்ப நான் எட்டிப் பாக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் ஒரு கிள்ளு போட்டிருப்பேன்."

"போட்டிருப்பீங்க."

"ஆமா."

தையல்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கட்டிலில் யாரோ ரேடியோவைத் திருகினார்கள். தங்கை போர்வையை இழுத்துவிடுவதுபோல அங்குமிங்கும் கையை ஓட்டினாள். சுவரைப் பார்த்தபடியே தையல்காரர் பேசினார்.

"தாகமா இருக்கு."

மேசையில் இருந்த கூஜாவிலிருந்து மருந்துக்காரர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். தையல்காரர் திரும்பினார். டம்ளரைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். கை நீளவில்லை.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க, மச்சான்."

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. "என்னங்க இது!" என்று தங்கை பதறினாள்.

மருந்துக்காரர் அவளைக் கையால் அமர்த்தினார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, தையல்காரர் நன்றாகப் பார்க்கும்படி டம்ளரை உயர்த்தி ஒரு வாய் குடித்து விழுங்கினார். விழுங்கிவிட்டு அப்படியே காத்து நின்றார்.

தையல்காரர் கையை நீட்டினார்.